மூன்றாவது நட்சத்திரம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

குடியாத்தம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு அக்காவும் உன் அப்பாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய, கையெழுத்திட்ட கால்பந்து வீரர் அட்டையின் நான்கு படங்களையும் அச்சகத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அர்ஜென்டினாச் சட்டையில் மெஸ்ஸி, மார்பின் குறுக்கே நீல மையில் ஒரு கையெழுத்து, கூடவே பொன்னிற முத்திரை பதித்த ஒரு சான்றிதழ், விலை 18,000 ரூபாய். ராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலையில் நீ வாங்கும் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பது எனக்குத் தெரியும். “வாங்கலாமா மாமா?” என்று மட்டும் கேட்டிருந்தாய். வேண்டாம் என்று நானும் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் மறுத்தால் உன் ஆசை தணியாது. அடுத்த மாதம் வேறொருவரிடம் வாங்கிவிடுவாய். இதே கேள்வியோடு என்னிடம் வரும் பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மையை ஆராய்வதற்கு முன்பே படம் பேசிவிடுகிறது. 2011 செப்டம்பர் 2 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் வெனிசுலாவுடன் ஆட மெஸ்ஸி வந்திருந்தபோது, அவர் தங்கிய விடுதியில் வாங்கிய கையெழுத்து இது என்று விற்பவர் எழுதியிருக்கிறார். அந்த ஆட்டம் நடந்தது உண்மை. அதில் அர்ஜென்டினா ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றதும் உண்மை. ஆனால் அட்டையில் உள்ள சட்டையின் சின்னத்துக்கு மேலே எத்தனை நட்சத்திரங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார். மூன்று இருக்கின்றன. 1978, 1986 ஆகிய ஆண்டுகளில் வென்ற உலகக் கோப்பைகளுக்காக நெடுங்காலம் இரண்டே நட்சத்திரங்கள்தாம் இருந்தன. 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் பிரான்சை வென்ற பிறகே மூன்றாவது வந்தது. அச்சாகியே இராத ஓர் அட்டையில் அவர் எப்படிக் கையெழுத்திட்டிருக்க முடியும்? விடிய விடியக் கண்விழித்து ஆட்டம் பார்க்கும் உனக்கு இது தெரியாததன்று. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

எனக்கும் ஒரு முறை மறைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு கடையில், ஐரோப்பிய அணியொன்றின் கோல்கீப்பர் கையெழுத்திட்டது என்று சொல்லிக் கொடுத்த அட்டையை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தேன். வாழ்நாளில் பாதியை ஆஃப்செட் அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நின்றே கழித்தவன் நான். அச்சுப் புள்ளிகளைச் சரிபார்க்கும் லென்ஸ் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அப்படியிருந்தும் மூன்று மாதங்கள் அந்த அட்டையை லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம். பார்த்தபோது, முகம் எந்த நீல, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளால் ஆகியிருந்ததோ அதே புள்ளிகளால்தான் கையெழுத்தும் ஆகியிருந்தது. அட்டை போலியன்று. அலங்காரத்துக்காகக் கையெழுத்தின் படத்தையும் சேர்த்து அச்சிடுவது நிறுவனங்களின் வழக்கம். அதைக் கையால் இட்டது என்று சொல்லி விற்றதுதான் பொய்.

சில நேரங்களில் கையெழுத்தைத் தனிக் கறுப்பில் அடித்திருப்பார்கள். அப்போது புள்ளிகள் தெரியாது. அட்டையைக் குழல்விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்க வேண்டும். அச்சிட்ட கையெழுத்துக்கு மேலும், பளபளப்புக்காகப் பூசும் வார்னிஷ் ஓடியிருப்பதால் பளபளப்பு ஓரிடத்திலும் அறுபடாது. பேனாவின் மை வார்னிஷுக்கு மேலே உட்கார்வது. ஒளி விழும்போது அந்தக் கோடு மட்டும் வேறாகத் தெரியும், கோடும் கோடும் கடக்கும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். ஒருவரது கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் போட்டிருந்தால் வேகம் இராது. ஓவியம் வரைவதுபோல மெல்ல இழுத்த கோடு எங்கும் ஒரே தடிமனாக, சிறு நடுக்கத்தோடு கிடக்கும். பேனா பிடித்து ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்ப இடும் எந்திரக் கை இட்டதா என்ற ஐயம் வந்தால், அதே வீரரின் இன்னொரு கையெழுத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார். அச்சு அசலாகப் பொருந்தினால் விலகிவிடு. எந்த மனிதனும் இரண்டு முறை இம்மியும் பிசகாமல் ஒரே மாதிரி கையெழுத்திடுவதில்லை. இவற்றில் எதையும் நேராக எடுத்த ஒரு புகைப்படத்தில் பார்க்க முடியாது. அட்டையைச் சாய்த்துக் காட்டும் காணொளி கேள்; தர மறுப்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்.

அந்தச் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொன்னிற முத்திரையோடு அப்படி நூறு தாள்களை என் அச்சகத்தில் ஒரு காலைப் பொழுதில் அடித்துவிடலாம். விற்பவரே தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் சான்று சான்றாகாது. பி.எஸ்.ஏ., பெக்கெட், ஜே.எஸ்.ஏ. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கையெழுத்துகளைச் சோதித்து எண் வழங்குகின்றன. அந்த எண்ணை அவர்களுடைய தளத்தில் இட்டு, அங்கே பதிவாகியிருப்பது உன் கையில் இருக்கும் அதே பொருள்தானா என்றும் பார்க்க வேண்டும். ஏனென்றால் எண்ணையும் நகலெடுப்பவர்கள் உண்டு. 1990களில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துக் கும்பல்களைத் தேடிப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது. வாங்க ஆள் இருந்தால் எதிலும் எவர் பெயரையும் போட்டுவிடுவார்கள்.

இத்தாலியின் பனினி, அமெரிக்காவின் டாப்ஸ் போன்ற அட்டை வெளியிடும் நிறுவனங்கள் தாமே வீரர்களிடம் கையெழுத்து வாங்கி உறைக்குள் வைத்து விற்பவை ஓரளவு நம்பத் தகுந்தவை. அவற்றிலும் இரண்டு வகை உண்டு. அட்டையையே வீரரிடம் அனுப்பி வாங்குவது ஒரு வகை. ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர்களைக் கட்டாக அனுப்பிக் கையெழுத்து வாங்கி, பிறகு அட்டையில் ஒட்டுவது இன்னொரு வகை. லென்ஸ் இல்லாமலே ஸ்டிக்கரின் விளிம்பு தெரிந்துவிடும். இரண்டாவது வகையில் கையெழுத்து உண்மையானது, ஆனால் அந்த வீரர் அந்த அட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். சேகரிப்பவர்கள் முதல் வகைக்கே கூடுதல் விலை கொடுப்பது வீம்பினால் அன்று. சிறு வயதில் நாங்கள் இந்த ஊரில் தீப்பெட்டிப் படங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்தோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வேறுபாடு இல்லை, தொலைந்தால் மறுநாளே இன்னொன்று கிடைக்கும். கையெழுத்திட்ட அட்டையை நாம் நாடுவது, அதன்மேல் ஒரு நொடியாவது அந்த மனிதரின் கை இருந்தது என்பதற்காகத்தான். ஆகவே அந்த நொடியை யார் பார்த்தார் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

என் பெட்டியில் நான் மிகவும் மதிப்பது எந்த நிறுவனமும் வெளியிடாத ஓர் அட்டை. சென்னை நேரு அரங்கில் நானே எடுத்த படத்தை தடித்த 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில், வழக்கமான இரண்டரைக்கு மூன்றரை அங்குல அளவில், வார்னிஷ் இல்லாமல் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். ஆட்டம் முடிந்து அணியின் பேருந்து நிற்கும் வாயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்தபோது, சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்கள வீரர் ஒருவர் வாங்கிக் கையெழுத்திட்டார். பின்னாலிருந்து யாரோ நெரித்ததில் அவர் கை நழுவி, கடைசி எழுத்தின் வால் அட்டையின் விளிம்பைத் தாண்டி என் கட்டைவிரலில் முடிந்தது. அன்று காட்பாடிக்குக் கடைசி வண்டியில் வந்து சேரும்வரை அந்த விரலை நான் கழுவவில்லை. அந்த அட்டைக்குச் சான்றிதழ் கிடையாது. சந்தையில் விலையும் கிடையாது. ஆனால் அது வந்த வழி முழுவதும் எனக்குத் தெரியும்.

நம் பக்கத்து வீரர்களுக்குக் கையெழுத்து அட்டைகள் அரிது என்பதை நினைத்துப் பார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர் சென்னைக்காரர். பெங்களூரு அணிக்காக முன்னணியில் ஆடிய சிவசக்தி நாராயணன், காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூரில் பிறந்தவர். மெஸ்ஸிக்கு உலகெங்கும் ஆள் இருக்கிறது. இவர்களுக்காக வாயிலில் காத்திருக்க நாம் இருக்கலாம்.

நீ பாதுகாக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதுபொருள் கடையில் விற்கும் பி.வி.சி. ஆல்பத்தில் போடாதே, அந்த நெகிழி நாளடைவில் மையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறையில் இட்டு, அதன்மேல் கெட்டியான உறை போடு. சத்துவாச்சாரி வீட்டில் உன் அறைச் சன்னல் மேற்கு நோக்கியது. கத்திரி வெயில் விழும் அந்தச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் சில ஆண்டுகளில் கையெழுத்து வெளிறிவிடும். உன் பள்ளிச் சான்றிதழ்களைப் போல லேமினேஷன் செய்துவிட வேண்டாம் என்று அக்காவிடமும் சொல்லிவை.

பணத்தை வங்கியிலேயே வைத்திரு. நேரு அரங்கில் அடுத்து ஆட்டம் நடக்கும் நாளுக்குள் பத்து அட்டைகள் வெட்டித் தயாராக இருக்கும். யார் யாருடைய படம் வேண்டும் என்று எழுதி அனுப்பு. எண்ணெய் மையுள்ள மெல்லிய பர்மனென்ட் மார்க்கர் நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று நீ வாங்கி வா. வரும் முன் பழைய அட்டையில் கிறுக்கிப் பார். காலை வண்டிக்கு நான் குடியாத்தத்தில் ஏறுகிறேன், நீ காட்பாடியில் ஏறிக்கொள்.

அன்புடன்,
மாமா