குட்டையை வெட்டும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய சுரங்க நிர்வாகத்தினருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். போன மழையிலும், சுரங்கத்துச் சேற்றைப் படியவைக்கும் வண்டல் குட்டை நிரம்பி, ஓடை முழுக்கச் சேற்று நிறமாகிவிட்டது. குட்டையை இன்னும் ஆழமாக வெட்டுவதாக மறுபடியும் சொல்லியிருக்கிறீர்கள். வெட்டும் முன் அந்தத் தண்ணீரைச் சோதியுங்கள் என்றுதான் நாங்களும் மறுபடி கேட்கிறோம்.

ஓடைத் தண்ணீரை இரண்டு கண்ணாடி பாட்டில்களில் பிடித்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்சம் (கால்சியம் உள்ள உப்பு) போட்டுக் குலுக்கி வைத்தோம். விடிந்து பார்த்தால் அதில் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. மற்றது நாள்கணக்கில் வைத்தும் கலங்கலாகவே கிடந்தது. அந்தக் கலங்கல்தான் வயலுக்கு வருகிறது. சொட்டுநீர்க் குழாயைப் பிரித்தால் துளைக்குத் துளை மாவு போல களி அப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாலும் அடுத்த பாசனத்தில் திரும்ப அடைத்துக்கொள்கிறது.

காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 2 மைக்ரான் (0.002 மில்லிமீட்டர்) களிமண் துகளுக்கு, தண்ணீர் அசையாமல் நின்றால்கூட மூன்று நாள் வேண்டும். அதைவிட நுண்ணியவை எல்லாமே எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்) கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். தண்ணீரில் போதிய கால்சியம் இருந்தால் அந்த விலக்கம் தணிந்து, துகள்கள் திரண்டு இறங்கும். சோடியம் ஏறிய களிமண்ணில் உப்பில்லாத மழைநீர் சேர்ந்தாலோ, இன்னும் பிரிந்துபோகும். குட்டை தெளிய வேண்டிய நேரத்தில்தான் அதன் தண்ணீர் தெளியாத தண்ணீராக மாறுகிறது. இதற்கு ஆழம் மட்டும் என்ன செய்யும்?

அப்புறம், சேறு படியட்டும் என்று குட்டையில் படிகாரம் கொட்டினீர்களே, எதை அளந்து பார்த்துக் கொட்டினீர்கள்? தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் சுமார் 6 முதல் 8 வரை இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். தண்ணீர் ஏற்கெனவே அமிலமாக இருந்தால் படிகாரத்தில் உள்ள அலுமினியம் கரைந்தே நின்று மீன்களைக் கொல்லும். வெயில் காலத்தில் வந்து மாதிரி எடுத்து, எல்லாம் சரி என்று எழுதிப் போவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. மழையில் நனைந்து ஒருவரும் வந்ததில்லை.

கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குட்டையிலும் மழை பெய்யும்போதே பிஎச், மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), சோடியம், கால்சியம் நான்கையும் அளக்க வேண்டும். அந்தந்தக் குட்டைத் தண்ணீரிலேயே ஜாடிச் சோதனை (ஜாடிகளில் வெவ்வேறு அளவு கலந்து எது தெளிகிறது என்று பார்ப்பது) செய்து, ஜிப்சமா படிகாரமா, எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். முடிவுகளை எங்களுக்கும் தர வேண்டும். அதுவரை தோண்டும் வேலையை நிறுத்தி வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைப் பாசன விவசாயிகள்