கவிதாவின் இரண்டாம் அத்தியாயம்

அன்புள்ள மல்லிகா,

கெலுகோரில் எல்லாரும் நலம். சின்னவனுக்குப் பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்துவிட்டது, அதை அப்புறம் போனில் பேசலாம். கவிதா தன் ஆய்வேட்டுக்காக எழுதி அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன், அதைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எவ்வளவு அக்கறையோடு தேடியிருக்கிறாள்! ஆனால் பல இடங்களில் மூல நூலின் வாக்கியம் அப்படியே நிற்கிறது. ‘உழைத்தார்கள்’ என்பது ‘பாடுபட்டார்கள்’ ஆகியிருக்கிறது, முன்பாதி பின்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போட்டால் போதும் என்று நினைக்கிறாள். போதாது. கருத்து மூல நூலாசிரியருடையது என்று சொன்னாளே தவிர, வாக்கியமும் அவருடையதுதான் என்று எங்கே சொன்னாள்? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உன்னிடம் வாயால் சொல்வதுபோல் எழுதட்டும், பிறகு திறந்து பொருள் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கட்டும். அந்த ஆசிரியரின் சொல்லையே விட மனமில்லையென்றால் மேற்கோள் குறி போட்டு, பக்க எண்ணோடு தாராளமாக எடுத்தாளலாம். ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் 40 சொல்லைத் தொட்டுவிட்டால் குறி வேண்டாம், தனிப் பத்தியாக உள்ளே தள்ளி எழுதவேண்டும்.

மற்ற நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் மென்பொருளில் ஒற்றுமைச் சதவீதம் குறைவு என்கிறாள். அது எழுத்து ஒத்துப்போவதைத்தான் காட்டும். முறையான மேற்கோளையும் சேர்த்து எண்ணும், சொல் மாற்றி எடுத்ததைத் தவறவும் விடும்.

எனக்குப் பெரிய வருத்தம் தமிழ் நேசன் விஷயத்தில். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் நின்றுபோன பத்திரிகை, அதன் பழைய இதழை நேரில் பார்த்ததுபோல் காட்டியிருக்கிறாள். எடுத்ததோ வேறொருவரின் ஆய்வேட்டிலிருந்து. கண் வலிக்க அந்த இதழ்களைப் புரட்டியவர் பெயர் எங்குமே இல்லை, மல்லிகா! அவர் தேதியைத் தவறாகக் குறித்திருந்தால் பழியும் இவள் தலையில்தான் விழும். ‘இன்னாரின் ஆய்வேட்டில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதி, துணைநூற்பட்டியலில் அந்த ஆய்வேட்டை மட்டும் சேர்க்கட்டும். இல்லையென்றால் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் மூல இதழைக் கேட்டுப் பார்க்கட்டும், பங்சாரிலிருந்து பக்கம்தானே.

அப்புறம் பெயர்கள். நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆனால் துணைநூற்பட்டியல் போடும் மென்பொருள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. மகள் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் போய் நிற்கிறது. பட்டியலை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தச் சொல். திருத்தியதை நேராக எனக்கே அனுப்பட்டும், அடுத்த வாரம் எனக்கு விடுமுறைதான், உட்கார்ந்து படித்துவிடுவேன்.

அன்புடன்,
தேவி