மாலின் மேல்தளம் ஏன் புழுங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி வெயில் தொடங்கியதும் பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்துக் குடும்பங்கள் மால்களிலும் பெரிய துணிக்கடைகளிலும் போய் ஒதுங்குகின்றன. ஆனால் கீழ்த்தளக் கவுன்டரில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் குளிரில் நடுங்குகிறார்கள். மேல்தள ஃபுட் கோர்ட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. புகார் வந்தால் ஏ.சி. செட்டிங்கை 20 டிகிரிக்கு இறக்கிவிடுகிறார்கள். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும் என்பதால் மேலே புழுக்கம் போவதில்லை, கரன்ட் பில்தான் ஏறுகிறது. செட்டிங்கை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

பல இடங்களில் கோளாறு சமையலறை எக்ஸாஸ்டில் இருக்கிறது. அடுப்புக்கு மேலுள்ள ஹூட் (புகையை இழுக்கும் கூண்டு) வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று விடாவிட்டால், கட்டடம் அதை வாசல் வழியாக இழுத்துக்கொள்ளும். கடலோரமான வடசென்னையில் அந்தக் காற்றோடு ஈரமும் சேர்ந்தே நுழைகிறது. 24 டிகிரியிலும் ஈரப்பதம் 70 சதவீதமானால் உடம்பு கசகசக்கும். 55 சதவீதத்தில் நின்றால் 25 டிகிரியே இதமாக இருக்கும்.

சோதிப்பது எளிது. எக்ஸாஸ்ட் எல்லாம் ஓடும்போது வாசல் கதவை லேசாகத் திறந்து, இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வெளியே போக வேண்டும். உள்ளே போனால், ஹூட் இழுக்கும் காற்றில் சுமார் 80 சதவீதத்தை ஹூட் அருகிலேயே தனி ஃபேன் வைத்துக் கொடுங்கள். மீதி ஹாலிலிருந்து போகட்டும், அப்போதுதான் தாளிப்பு வாசனை கடைகளுக்குப் பரவாது. கட்டடம் முழுமைக்கும் பார்த்தால், ஈரம் நீக்கி உள்ளே விடும் ஃபிரெஷ் ஏர், வெளியேறும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்தது நடுக்கூடத்துக் கண்ணாடிக் கூரை. வெயில் உள்ளே இறங்கிய பிறகு திரை போட்டால் பயன் குறைவு; நிழல் கூரைக்கு வெளியே வேண்டும். மேல்தளத்தில் பெரிய மின்விசிறிகள் மெதுவாகச் சுழன்றாலே ஏ.சி. செட்டிங்கை இரண்டு டிகிரி அதிகமாக வைக்கலாம். கூட்டமில்லாத வார நாள் காலையில் ஏ.ஹெச்.யூ. (குளிர்ந்த காற்றைத் தளங்களுக்கு அனுப்பும் இயந்திரம்) ஃபேன் வேகத்தை வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூலம் 80 சதவீதமாக்கினால், ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இவ்வளவு மலிவான சேமிப்பு வேறில்லை.

ஏ.சி. இழுத்த வெப்பத்தைத் தண்ணீர் மூலம் வெளியே விடும் கூலிங் டவருக்கு உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரை அப்படியே விடுவதும் பெரிய நஷ்டம். அந்தத் தண்ணீருக்கு வெப்பத்தைக் கைமாற்றும் கண்டன்சர் குழாய்களில் காறை படிந்து, அதே குளிர்ச்சிக்குச் சில்லர் (கட்டடத்துக்கான குளிர்ந்த நீரைத் தரும் இயந்திரம்) கூடுதல் மின்சாரம் தின்னும். ரெஃப்ரிஜரன்ட் (சில்லருக்குள் சுற்றும் குளிரூட்டி வாயு) குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலைக்கும் கண்டன்சரிலிருந்து வெளிவரும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் இடைவெளி 4 டிகிரியைத் தாண்டினால், குழாய்களை பிரஷ் போட வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வைப்பது இன்னும் நல்லது.

ஒவ்வொரு தளத்திலும் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி காட்டும் பலகையை மால் நிர்வாகங்கள் வைக்க வேண்டும். மாநகராட்சி அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
குளிர்சாதனப் பராமரிப்புப் பொறியாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.