பேர் இல்லாத பதிவேடு: சட்டப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

கும்பகோணம் பக்கம் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். கூடவே பழைய அளவை நூல்களையும், அதாவது எதை எப்படிச் சரியாக அறிவது, நிரூபிப்பது என்று சொல்லும் தருக்க நூல்களையும், ஆராய்ந்து வருகிறேன். தொழிலாளர் சட்டத்தோடு அந்த அளவையியலையும் பாடமாக வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். "ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்க சார்" என்று சொல்லாதவர்களே இல்லை. உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டுவிடக் கூடாது.

அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவரைத் திடீரென நிறுத்திவிடுகிறார்கள். ஆட்குறைப்புப் பாதுகாப்பு வேண்டுமென்றால், 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்ததை அவர்தான் காட்ட வேண்டும். வெறும் பிரமாண வாக்குமூலம் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. அவர் கையில் இருப்பதோ மேஸ்திரி பென்சிலால் மூட்டைக் கணக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள். வியர்வை பட்டுப் பாதி எழுத்து போய்விட்டது. ஆலைத் தரப்பு மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, நீட்டுகிறது: "இதில் இவர் பேரே இல்லையே!"

இல்லாமை எப்போது சான்றாகும்? மணிமேகலைக் காப்பியத்தில், காவிரிப்பூம்பட்டினத்து மணிமேகலைக்கு வஞ்சியில் அளவைவாதி சொன்ன பத்து அளவைகளில் (அறியும் வழிகளில்) அபாவமும், அதாவது இல்லாமையும், ஒன்று. வேத நெறியினரான மீமாம்சகரும் பௌத்தரும் இதை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். ஒரு விஷயத்தில் இரு தரப்பும் கறாராக இருந்தன. இருந்திருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற பொருளைக் காணோம் என்றால்தான், அது இல்லை என்று முடிவு கட்டலாம். வெளிச்சத்தில் தரையில் குடம் தெரியவில்லையா, குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அதனால் குறுக்கு விசாரணையில் என் முதல் கேள்வி இதுதான்: "தினக்கூலி ஆட்கள் பேரை இந்த ரோலில் எழுதுவீர்களா?" "இல்லைங்க, நிரந்தர ஆட்கள் பேர் மட்டும்தான்." அப்புறம் அந்த ரோலை வைத்து எதை நிரூபிப்பது? சீட்டுகளும் கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியும் அதற்குப் பிறகுதான் எடுபடும்.

தொழிலாளர் சட்டத் தாளோடு அளவையியலையும் சேருங்கள். தொடக்கத்துக்கு மணிமேகலையின் 27, 29-ஆம் காதைகள் போதும். பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றிலேயே உள்ள குறை), ஏதுப்போலி (காட்டும் காரணத்தில் உள்ள குறை) என்று பௌத்தத் துறவி அறவண அடிகள் வகைபிரித்துச் சொல்லும் வாதப் பிழைகளை, நிர்வாகத் தரப்பு எதிருரையோடு பக்கத்தில் வைத்து மாணவர்கள் படிக்கட்டும். சட்டம், மெய்யியல் இரண்டிலும் சேர்ந்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு இரண்டு துறையிலிருந்தும் நெறியாளர் கிடைக்க வழி செய்யுங்கள். டெல்டாவிலிருந்து வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் அப்பாவோ அம்மாவோ எந்தப் பதிவேட்டிலும் பேர் ஏறாமல் உழைத்தவர்கள். இந்தப் பாடம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பாடக் குறிப்புகளும், பேர் விவரம் நீக்கிய வழக்குக் கட்டுகளும் என்னிடம் தயாராக இருக்கின்றன. நீங்கள் சரி என்றால், திருச்சி அரசு சட்டக் கல்லூரிக்கு வந்து முதல் வகுப்பை நானே எடுக்கிறேன்.

அன்புடன்,
தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவர்