இங்கிலிஷ் படிக்கும் மருமகள் மாமாவுக்கு எழுதுவது

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சுவிஸில் இருந்து அம்மாவுடன் கதைத்தபோது போன் ஸ்பீக்கரில் கிடந்தது. "பிள்ளைய இங்கிலிஷ் படிக்க விட்டிருக்கிறீங்க, கொஞ்ச நாளில அதுக்குக் குடியும் தெரியாது, கோயிலும் தெரியாது" என்று நீங்கள் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. குடி என்று நீங்கள் சொன்னது தாய் வழியில் வரும் நம் வம்சப் பிரிவை. அம்மா ஒரு "ம்" போட்டுவிட்டு வெள்ளாமை பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் இதே கவலையோடு மட்டக்களப்பில் நிறைய மாமாமார் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்து இங்கிலிஷைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். தரம் 3 இலிருந்து அது எல்லோருக்கும் உள்ள பாடம். ஆனால் மட்டக்களப்பு ஆற்றின் (வாவியின்) மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த இங்கிலிஷ் வாத்தியார்மார் இடமாற்றம் கிடைத்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபோது இனி எல்லாம் சுகம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. நீங்கள் பாதை என்கிற மிதவையில் ஏறி, அது கரைக்கு வரும்வரை வெயிலில் நின்ற கதை எல்லாம் எங்களுக்கு இல்லை. என்ன, வாத்தியார்மாருக்கும் திரும்பிப் போவது சுகமாகிவிட்டது.

ஆள் இல்லாத வருடங்களில் நாங்கள் கட்டுரைகளைப் பாடமாக்கினோம். பொங்கல் கட்டுரை இப்போதும் எனக்கு மனப்பாடம். விடிய எழும்புவோம், புத்தாடை உடுப்போம், வாசலில் கோலம் போடுவோம், கரும்பு நடுவோம். நம் வாசலில் யாரும் கரும்பு நட்டு நான் பார்த்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையில் இலங்கை முழுக்க ஒரே பொங்கல்தான் பொங்கியிருக்கும். கண்ணகி அம்மனுக்குச் செய்யும் வைகாசிச் சடங்கு அந்தக் கட்டுரைகள் எதிலும் வராது. அம்மன் கோயில் கதவு திறந்தால் வீட்டுக்குள் மீன் வராது, கண்ணகி கதையான வழக்குரையைப் படிக்கிற சத்தம் இரவில் வயல்வெளி தாண்டிக் கேட்கும், கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திக்குச் சனம் வளவு நிறைய நிற்கும். அந்த இங்கிலிஷில் இதற்கெல்லாம் இடமே இருக்கவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டைப் பற்றி எழுதி மாக்ஸ் வாங்கினோம். நீங்கள் பயப்படுவது இந்த இங்கிலிஷுக்கு என்றால் நானும் உங்கள் பக்கம்.

இப்போது நான் நகரத்தில் படிக்கும் டிப்ளோமா வகுப்பு வேறு மாதிரி. எங்கள் மிஸ் மலையகத்தில் ஹட்டன் பக்கம். மட்டக்களப்புக்கு வேலைக்காகத்தான் முதன்முதலில் வந்தார். தமிழ்தான், ஆனால் நம் ஊர் நடைமுறை ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்றார். நான் எழுதினேன்: இது அம்மாவின் வீடு, கல்யாணம் முடித்த பிறகு அப்பா இங்கே வந்தார், அம்மம்மா பின்வளவில் சின்ன வீட்டில் இருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் 'ஏன்' என்று மட்டும் கேட்டிருந்தார். அவருடைய ஊரில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாளாம்.

எனக்குப் பதில் தெரியவில்லை மாமா. தமிழில் இதே கட்டுரையை எழுதியிருந்தால் நம் ஊர் வாத்தியார் எவரும் கேட்டிருக்கமாட்டார். எல்லோர் வீடும் அப்படித்தானே. ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்லப் போனபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்று விளங்கியது. சரி என்று அம்மம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"இதென்ன கேள்வி மனே, பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு" என்று தொடங்கினார். அம்மாவுக்குக் கல்யாணம் பேச முதலே முன்வீட்டுக்கு அத்திவாரம் போட்டது, தாலி கட்டிய கையோடு தாங்கள் பின்னால் போனது, மேட்டு வயல் அம்மாவின் சீதனத்தில் எழுதியது எல்லாம் வந்தது. "மாமாவுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாக்கை இடித்தார். மறுகா சொன்னார்: "அவனுக்கு நாங்க ஒண்டும் குடுக்கல்ல. அவன் கேக்கவும் இல்ல. இந்த வீட்டு ஓடு அவன் போன புதிசில அனுப்பின காசு."

இது எனக்குத் தெரியாது மாமா. நான் பிறந்த நாளிலிருந்து அந்த ஓட்டுக்குக் கீழேதான் படுக்கிறேன். அம்மாவும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தங்கச்சிக்கு வீடு முடித்துக் கொடுக்காமல் அண்ணன் கல்யாணம் முடிப்பதில்லை என்பது நம் ஊரில் எழுதாத சட்டம், அதனால் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். அந்த 'ஏன்' இல்லாவிட்டால் நானும் கேட்டிருக்கமாட்டேன்.

குடிக் கதைக்கு வருகிறேன். நீங்கள் கவலைப்பட்டது அதற்குத்தானே. குடி தாய் வழியில் வருகிறது. அம்மம்மாவின் குடி அம்மாவுக்கு, அம்மாவின் குடி எனக்கு. அப்பா வேறு குடி, அதனால்தான் கோயில் திருவிழாவில் அவருக்கு வேறு நாள். நீங்கள் நம் குடி. ஆனால் உங்கள் பிள்ளைகள் மாமியின் குடி, மாமியோ யாழ்ப்பாணம், அங்கே நம் மாதிரிக் குடி வழக்கம் இல்லை. அம்மம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அதுகளுக்குக் குடி இல்ல" என்று முடித்துவிட்டார். பாவம், சொல்லும்போது சிரிப்பும் வந்தது அவருக்கு. ஆக, இந்த வீட்டில் குடி அடுத்த தலைமுறைக்குப் போவதென்றால் என் மூலமாகத்தான் போக வேண்டும். யாருக்குக் குடி தெரியாமல் போய்விடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்களோ அவள் கையில்தான் அது இருக்கிறது. இந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லவே ஒரு கடிதம் எழுதலாம்!

அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது இன்னொன்று நடந்தது. அக்கரைப்பற்றில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு முஸ்லிம் சிநேகிதி, "எங்கட வீட்டப் பாத்தா எழுதினீங்க?" என்று கேட்டாள். அவளுடைய வாப்பாவும் கல்யாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்தவர்தான். அவர்களுக்கும் குடி இருக்கிறது, அதுவும் தாய் வழி. நம் கோயிலில் குடி பார்த்து வண்ணக்கர் என்ற கோயில் நிர்வாகியை வைப்பதுபோல அவர்கள் பள்ளிவாசலில் குடி பார்த்து மரைக்காயர் என்ற நிர்வாகியை வைத்த வழக்கம் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் பேசுவது தமிழ். ஆனால் அவள் முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் படித்தாள், நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நீங்கள் ஊரை விட்டுப் போன காலத்தில் தமிழர் முஸ்லிம் இரண்டு பக்கமும் நடந்த வன்செயல் உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு யார் யாரிடம் போய் உங்கள் வீட்டில் குடி இருக்கிறதா என்று கேட்பது? இங்கிலிஷ் பயிற்சி என்ற சாட்டில் கேட்க முடிந்தது.

மிஸ்ஸுக்கு ஆர்வம் கூடி அடுத்த கிழமை சில பக்கங்கள் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வந்தார். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970 அளவில் அக்கரைப்பற்றில் வந்து தங்கி, தமிழர் முஸ்லிம் இரண்டு பகுதியினரின் குடி, சீதனம், கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றையும் ஆராய்ந்திருக்கிறார். 2008 இல் அது பெரிய நூலாக வந்தது. நானும் சிநேகிதியும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு வாசித்தோம். அவளுடைய சொந்த ஊர் இங்கிலிஷில் அச்சாகிக் கிடக்கிறது, அவள் பிறக்க முதலே ஒருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் கொஞ்சம் எரிச்சல். உலகத்தில் எவனாவது மட்டக்களப்புக் குடிமுறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்துக்குத்தான் போவான். நல்லது, போகட்டும். ஆனால் பாக்கு இடித்துக்கொண்டே அம்மம்மா சொன்ன விதத்தில் சொல்ல அந்த வீட்டுப் பிள்ளைதானே வேண்டும்? அதற்கு எனக்கு இங்கிலிஷ் வேண்டும், நன்றாகவே வேண்டும்.

நீங்கள் கல்லடியில் விடுதியில் தங்கிப் படித்தவர். உப்போடையில் விபுலானந்த அடிகளின் சமாதிக்கு முன்னால் நின்று கும்பிட்ட கதையை ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். அதே அடிகளை உங்களுக்கு எதிராக நான் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறேன். காரைதீவில் 1892 இல் பிறந்த அந்த மயில்வாகனன் படித்தது இங்கிலிஷ் பள்ளிக்கூடங்களில். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் எடுத்தார், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் எடுத்தார். மதங்க சூளாமணி என்ற நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து வைத்துப் பேசினார். 1947 இல் யாழ்நூல் வெளிவந்தபோது பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பௌதிகம் படித்த மூளைதான் அந்தக் கணக்கைப் போட்டது. இங்கிலிஷ் அவரிடம் இருந்து காரைதீவைக் கொண்டு போகவில்லை. நான் அடிகள் இல்லை, சரி. ஆனால் என்னிடமிருந்து மட்டும் எல்லாம் கொட்டுண்டு போய்விடும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

இங்கிலிஷில் எனக்கும் பிடிக்காதது இருக்கிறது. நேர்முகப் பரீட்சையில் தமிழில் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னவளைத் தாண்டி, இங்கிலிஷில் நாலு வரி உளறினவளுக்கு வேலை கிடைக்கும். சிலபேர் கடையில் பிள்ளையோடு இங்கிலிஷ் கதைப்பது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கவேண்டும் என்றே. அந்தப் பெருமை எனக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால் நீங்கள் சுவிஸில் இருந்தே காதைத் திருகலாம்.

கடைசியாக ஒரு விஷயம், உங்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். உங்கள் மூத்த மகளும் நானும் கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் கதைக்கிறோம். மச்சாளின் தமிழ் "சாப்பிட்டீங்களா, சுகமா" என்பதோடு நின்றுவிடும், எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்தும் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த இங்கிலிஷ்தான். அவள்தான் முதலில் கேட்டாள், அப்பா வைகாசி வந்தால் ஏன் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று. நீங்கள் அங்கேயும் அதை விடவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மதுரையை எரித்த கோபம் ஆறாமல் வந்த கண்ணகியை வேப்பிலையால் தண்ணீர் தெளித்து, பாட்டுப் பாடி ஆற்றுகிற சடங்கு என்று குளிர்த்தியைப் பற்றி எழுதினேன். நம் வழக்குரையில் கண்ணகி மாங்கனியில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரத்தில் அப்படி இல்லை, கோயிலில் மாங்கனிக் கதைதான் செல்லும் என்றும் சொன்னேன். குடி இல்லை என்று அம்மம்மா தீர்ப்புச் சொன்னதையும் மறைக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மம்மாவிடம் அப்பீல் பண்ணப் போகிறாளாம், அதற்காகவே வருகிற சடங்குக்கு ஊருக்கு வரவேண்டும் என்று உங்களிடம் கேட்கப் போகிறாள். டிக்கெட் விலையைச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அவள் கேட்டவற்றில் நிறையவற்றை அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து விளையாடும் கொம்புமுறி பற்றிச் சொல்லும்போது, வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம், இரண்டு கொம்பையும் கொளுவிக் கயிறு கட்டி ஊரே இழுக்கும், தோற்ற சேரியை மற்றச் சேரி வசை பாடும் என்று எழுதினேன். அப்பா எந்தச் சேரி என்று உடனே கேட்டாள். அம்மா தென்சேரி என்கிறார். அம்மம்மா, "அவன் வடசேரிக்கெல்லோ இழுத்தவன், தோத்துப்போட்டு ராவைக்குச் சாப்பிடவும் வரல்ல" என்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. எதற்கு இழுத்தீர்கள், தோற்றது உண்மையா? எனக்கு எழுத வேண்டாம், மச்சாளிடமே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்