பை டவுன் படங்களின் பெயரை வெட்டாதீர்கள்

பழைய புகைப்படங்களைப் பகிரும் பக்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்களில் ஒருவர் போட்ட படத்தைப் பற்றித்தான் இந்த மடல். எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். மண்ணுக்குள் தோண்டிக் கட்டிய வீடு, உள்ளே ஓர் அம்மா, பக்கத்தில் மகள். "பஞ்ச கால அமெரிக்கா: பட்டினியில் தாயும் மகளும்" என்று தலைப்பு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருளால் வண்ணம் பூசி, மூலையில் உங்கள் முத்திரையைக் குத்தியிருந்தீர்கள். ஊர் இல்லை, ஆண்டு இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை. கீழே விவரம் எழுதினேன், நீக்கினீர்கள். மறுபடி எழுதினேன், மறுபடியும் நீக்கினீர்கள். அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அந்த ஊர் பை டவுன். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், 60ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1920களில் ஒருவர் அங்கே காய்ந்த ஆப்பிளை வைத்து 'பை' என்ற பண்டம் சுட்டு விற்றார், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. டெக்சாஸிலும் ஓக்லஹோமாவிலும் வறட்சியில் நிலம் போனவர்கள் 1930களில் அங்கே குடியேறி, காடு திருத்தி, பின்டோ பீன்ஸ் என்ற பயறு விதைத்தார்கள். 1940இல் ரஸ்ஸல் லீ தன் மனைவி ஜீனோடு அங்கே போனார். ஏழை உழவர்களுக்கு உதவ அமெரிக்க அரசு வைத்திருந்த பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காகப் படம் எடுத்தவர் அவர். ஏறத்தாழ 600 படங்கள் எடுத்தார். ஊரே கூடி நாள் முழுக்கப் பாடியது, இடையில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டது, இரவில் சதுர நடனம் ஆடியது, எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் அம்மாவின் பெயர் டோரிஸ் காடில். கணவர் ஃபேரோ. மகள் ஜோசி. அனாதைப் படம் இல்லை அது. பல பத்தாண்டுகள் கழித்து டோரிஸ் தன் வாழ்க்கையைத் தானே சொல்லி, அது புத்தகமாகவும் வந்திருக்கிறது.

கஷ்டப்பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் குறிப்பில் பட்டினி என்ற சொல்லே கிடையாது. அது நீங்கள் சேர்த்தது.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு, அதில் கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து மூன்று பக்கம் எழுதி வந்தாள். அதில் ஒரு பத்தி முழுக்க அந்த அம்மாவின் உடையின் நிறம். 'வெளுத்துப்போன நீலம், பல வருடம் துவைத்த துணி' என்று எழுதியிருந்தாள். எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள்! அந்த நீலம் மென்பொருள் போட்டது, அந்த அம்மா உடுத்தியது இல்லை என்று நான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். அந்த மூன்று பக்கத்தைப் படித்துவிட்டு அவளிடம் இதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே வீட்டை லீ வண்ணத்திலும் எடுத்திருக்கிறார். 1940இலேயே, கோடாக்ரோம் என்ற வண்ணப் படச்சுருளில். காடில் குடும்பம் அந்த மண் வீட்டுக்குள் சாப்பிட உட்கார்ந்திருக்கும் படம் அது. உண்மையான நிறம் இருக்கும்போது எதற்காக இந்தப் பூச்சு? தேடக்கூட ஆள் இல்லையா உங்களிடம்? அந்த நிர்வாகத்துக்காக எடுத்த படங்களெல்லாம் அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகத்தில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. அதில் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டும் சுமார் 1,75,000, வண்ணப் படம் சுமார் 1,600. இணையத்தில் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. அரசுப் பணியில் எடுத்தவை என்பதால் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு படத்தோடும் குறிப்பு கூடவே வருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதை வெட்டாமல் இருப்பது மட்டும்தான்.

அந்த நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராய் ஸ்ட்ரைக்கர், தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் துளை போட்டுவிடுவார். அதற்காக இன்றைக்கும் அவரைத் திட்டுகிறார்கள், நானும் திட்டுவேன். ஆனால் அந்தத் துளை கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே ஏதோ போயிருக்கிறது என்று பார்ப்பவனுக்குப் புரிகிறது. நீங்கள் வெட்டியது யாருக்கும் தெரிவதில்லை.

நம் வீடுகளிலும் ஸ்டூடியோவில் எடுத்த பழைய படங்கள் இருக்கின்றன. எனக்கும் என் தாத்தாவின் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. பதினோரு பேர் நிற்கிறார்கள், நான்கு பேரைத்தான் அடையாளம் தெரிகிறது. பின்பக்கம் யாரும் எழுதி வைக்கவில்லை, கேட்கவும் இப்போது ஆள் இல்லை. பை டவுனில் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததையும் அழிப்பது எனக்குத் தாங்கவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். இந்தப் படங்களை நம் மக்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் நீங்கள்தான், அதில் எனக்கு நன்றியும் உண்டு. நான் கேட்பது இதுதான்: ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர், இந்த மூன்றையும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே போடுங்கள். வண்ணம் பூசினால், பூசியது என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். படத்தில் இருப்பவர் பெயர் நூலகக் குறிப்பில் இருந்தால் அதையும் சேருங்கள்.

முதலில் அந்தப் பதிவைத் திருத்துங்கள். 'டோரிஸ் காடிலும் மகள் ஜோசியும், பை டவுன், நியூ மெக்ஸிகோ, 1940. படம்: ரஸ்ஸல் லீ.' ஒரு வரிதான். வரும் சனிக்கிழமைக்குள் போட்டுவிட்டால் அந்தப் பெண்ணிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களை நெடுநாளாகப் பார்த்துவரும் ஒரு புகைப்பட ஆசிரியர்