மண்டபக் கூரை முகடு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

எம்பெருமான் திருவருளால் நமது ஆலய மண்டபத்தின் கூரை முகட்டுத் திருப்பணி நிறைவுற்றது. சாரம் அகற்றப்பட்டு, மண்டபம் வழமைபோல் பாவனைக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. கணக்காய்வு செய்த வரவு செலவு விபரம் அறிவித்தல் பலகையில் உள்ளது. பணி நடந்த காலமெல்லாம் அங்கத்தவர்கள் பலர் கேட்டது ஒரே கேள்வி: "முகட்டோடுகளைச் சீமெந்து வைத்துப் பூசிவிட்டால் போதாதா, ஏன் இந்தச் செலவு?" நியாயமான கேள்வி. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதிலாகவே அமைகிறது.

2022 பெப்ரவரி 18ஆம் திகதி யூனிஸ் புயல் வீசியது பலருக்கும் நினைவிருக்கும். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவின் நீடில்ஸ் முனையில் காற்று மணிக்கு 122 மைல் வேகத்தைத் தொட்டது. லண்டனுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அன்று நமது மண்டப முகட்டிலிருந்து சில ஓடுகள் பெயர்ந்து பக்கவாசல் நடைபாதையில் விழுந்து நொறுங்கின. அது வெள்ளிக்கிழமை. எச்சரிக்கையை மதித்து ஆலயத்தைப் பூட்டியிருந்தபடியால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. வேறொரு வெள்ளியாக இருந்திருந்தால் அதே இடத்தில் பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றிருப்பார்கள். ஒரு முகட்டோடு ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ளது. தற்காலிகத் திருத்தத்தோடு நின்றுவிடாமல் முகடு முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்று சபை தீர்மானித்தது இதனால்தான்.

சாரம் கட்டி மேலே ஏறியபோது நிலைமை தெளிவாகியது. மீதமிருந்த ஓடுகளிற் பெரும்பாலானவற்றை எடுக்கச் சுத்தியலே தேவைப்படவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்க, அப்படியே வந்தன. அடியில் இருந்த சாந்து ஓட்டின் வளைவை அச்செடுத்தது போல வழுவழுப்பாக நின்றது. ஓட்டுக்கும் அதற்கும் ஒட்டு விட்டுப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு முகடு நேராகவும் உறுதியாகவுமே தெரிந்தது. உண்மையில் அந்த ஓடுகளைப் பிடித்து வைத்திருந்தது அவற்றின் சொந்தப் பாரம் மட்டுமே.

சாந்து ஏன் விட்டுப்போகிறது? கூரை மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சாந்து விறைப்பானது; அந்த அசைவுக்கு இடங்கொடுக்காமல் மயிரிழையாக வெடிக்கிறது. வெடிப்பில் மழைநீர் இறங்குகிறது. பனிக்காலத்தில் அந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது; வெடிப்பு இன்னும் அகல்கிறது. ஊரில் பனங்கைமரத்தின்மேல் ஓடு வேய்ந்து, முகட்டைச் சாந்தால் கட்டி, இரண்டு தலைமுறை வாழ்ந்த வீடுகளைப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டு முகட்டில் நீர் உறைவதில்லை. காற்றின் போக்கையும் கவனிக்க வேண்டும். சரிந்த கூரையில் காற்று முகட்டைக் கடக்கும்போது ஓட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த இழுவைக்குப் பசை போதாது, பிடி வேண்டும்.

இங்குள்ள தொழில்முறை நியமமும் இதையே சொல்கிறது. பிஎஸ் 5534 என்ற பிரித்தானியக் கூரை வேலை நியமம் 2014இல் திருத்தப்பட்டது முதல், முகட்டோட்டைச் சாந்தில் பதித்தாலும் திருகாணி போன்ற ஒன்றால் பிணைத்தே ஆக வேண்டும். சாந்தை மட்டும் நம்பக் கூடாது. நமக்கு வந்த விலைமனுக்களில் மிகக் குறைந்தது சாந்து மட்டும் பூசுவதற்கானது. அதில் பிணைப்பு எதுவும் இல்லை. பிணைப்பையும் சேர்த்துக் கேட்டபோது, அதற்கும் சாந்தே இல்லாமல் ஓடுகளைப் பிணைக்கும் உலர்முறைக்கும் இடையிலான விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. அதன் பின்னரே உலர்முறையைத் தெரிவு செய்தோம். பொருட்கள் பிஎஸ் 8612 நியமத்துக்கு அமைந்தவையாக இருக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதினோம். உலர்முறைப் பொருட்களின் காற்றுத் தாங்கும் திறனுக்கும் நீடித்த உழைப்புக்கும் அளவுகோல் வகுத்து 2018இல் வந்த நியமம் அது.

வேலை நடந்த விதம் இது. முகட்டின் உச்சி நெடுகிலும் உலோகத் தாங்கிகளை அறைந்து, அவற்றின்மேல் ஒரு மரச் சிலாகை ஓட்டப்பட்டது. முழு வேலையின் உயிரும் அந்தச் சிலாகையின் உயரத்தில் இருக்கிறது. தாழ்ந்தால் திருகாணிக்குக் கடிக்க மரம் போதாது. உயர்ந்தால் முகட்டோடு கீழ் ஓடுகளில் அமராமல் சிலாகைமேல் ஆடும். மேசன் நூல் பிடித்து, ஒரு முகட்டோட்டை வைத்து வைத்து எடுத்துப் பார்த்தே ஒவ்வொரு தாங்கியையும் வளைத்தார். பின்னர் சிலாகையின்மேல் காற்றுப் புகும் விரிப்புச் சுருள் விரிக்கப்பட்டது. அதன் இரு ஓரங்களிலும் உள்ள பசைப்பட்டையை ஓட்டின் மேடு பள்ளத்தோடு விரலால் அழுத்தி ஒட்டினார்கள். அதன்மேல் முகட்டோடுகள், இரண்டு ஓடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் அடியில் நீர் வடியும் இணைப்புத் துண்டு, மேலே பிடித்தகடு, நடுவில் ரப்பர் வளையத்துடன் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி. திருகாணி இரு ஓடுகளுக்கும் இடையால் இறங்குவதால் ஓட்டில் துளையிடத் தேவையில்லை. ஆகவே வெடிக்காத பழைய ஓடுகளைச் சுரண்டிக் கழுவி மீண்டும் பாவித்தோம். உடைந்தவற்றுக்கு மட்டும் புதியவை வாங்கினோம்.

நடுவில் சில நாட்கள் சாரம் சும்மா நின்றதாகக் குறை சொல்லப்பட்டது. மழை பெய்த நாட்கள் அவை. ஈர ஓட்டிலும் தூசியிலும் அந்தப் பசை பிடிக்காது. ஓடு காயும்வரை தொடமாட்டேன் என்று மேசன் மறுத்ததைச் சபை முழுமனதோடு ஏற்றது. பணி தொடங்க முன்னர் நடந்த வௌவால் பரிசோதனையும் வீண் தாமதம் அல்ல. முகட்டோட்டின் அடி வௌவால்கள் விரும்பித் தங்கும் இடம். இந்நாட்டுச் சட்டத்தில் வௌவாலுக்கு மட்டுமன்றி, அது தங்கும் இடத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நமது கூரையில் எதுவும் இருக்கவில்லை. அறிக்கை கோப்பில் உள்ளது.

இன்னொரு நன்மையும் கிடைத்திருக்கிறது. மாரியில் மண்டபக் கூரையிலிருந்து சொட்டியது முழுவதும் மழைநீர் அல்ல. மடைப்பள்ளி ஆவியும் திருவிழாக் கூட்டத்தின் மூச்சும் குளிர்ந்த கூரையில் பட்டு நீராகியதும் அதில் சேர்த்தி. சாந்து பூசிய முகட்டில் அதற்குப் போக்கிடம் இருக்கவில்லை. புதிய முகடு நெடுகிலும் மீற்றருக்கு 5000 சதுர மில்லிமீற்றர் காற்றுவழி இருக்கிறது. கூரையின் கீழ் விளிம்பில் அடைபட்டிருந்த காற்றுத் துவாரங்களையும் திறந்துவிட்டோம். கீழே வழியில்லாமல் மேலே மட்டும் திறந்து பயனில்லை.

இனி அங்கத்தவர்கள் கவனிக்க வேண்டியவை. திருவிழா மின்விளக்குச் சரங்களை முகட்டுத் திருகாணிகளிலோ பிடித்தகடுகளிலோ கட்ட வேண்டாம். அதற்கென முன்சுவரில் கொளுக்கிகள் பொருத்தியிருக்கிறோம். சபையின் அனுமதியின்றி எவரையும் கூரையில் ஏற்ற வேண்டாம். திருகாணி தளர்ந்ததாகத் தெரிந்தாலும் தாங்களாகவே முறுக்க வேண்டாம். ரப்பர் வளையம் நசுங்கும் அளவுக்கு மேல் இறுக்கினால் ஓடு வெடிக்கும். பெரும் காற்றுக்குப் பின்னர் நிலத்திலிருந்து முகட்டைப் பார்த்து, வரிசை விலகியிருந்தால் செயலாளருக்கு அறிவியுங்கள். உத்தரவாதப் பத்திரமும் நிழற்படங்களும் அலுவலகத்தில் உள்ளன. மிஞ்சிய முகட்டோடுகள் மடைப்பள்ளிக்குப் பின்னாலுள்ள களஞ்சிய அறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வேறு தேவைக்கு எடுக்க வேண்டாம்.

இவ்வண்ணம்,
திருப்பணிச் சபை